முனகும் மரமும் வாய் திறக்காத கல்லும்

கல்லுக்கும் மரத்துக்கும் வாய் இருந்த காலம். ஓர் ஐப்பசி மாத வியாழக்கிழமை, பொழுது விடிந்து நான்கு நாழிகை ஆகியிருந்தது. ஏழு கழுதைகளோடு சிலம்பாயி என்ற உப்பு வியாபாரி ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தாள். ஓடையில் வெள்ளம் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் யாரும் இல்லை. யாரும் இல்லாததால் பாலம் தனக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பாலத்தில் மூன்று பேர் இருந்தார்கள். இந்தக் கரையிலிருந்து ஓடையின் நடுவரை எட்டு முழ நீளத்துக்குக் கருங்கல் பலகை ஒன்று கிடந்தது. அவன் பெயர் கரியன். நடுவிலிருந்து அந்தக் கரைவரை பத்து முழத்துக்கு, வேங்கை மரத்தைச் செதுக்கிப் போட்ட கட்டை. அவன் வேங்கையன். இருவருடைய தலைமாட்டையும் தாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் நின்ற தூணை நடுக்கால் என்பார்கள். தலையில் எந்நேரமும் சுமை இருந்ததால் நடுக்கால் பேசாது. இவர்களை ஏற்றுவதற்கு முன் அது கடைசியாகப் பேசியது இதுதான்.

"நீங்க என்ன வேணா பேசிக்கிடுங்க. கடைசியில எல்லாம் என் தலையிலதான வந்து இறங்கப்போவுது."

பாலம் கட்டி முடித்த அன்று, நடுக்காலின் மேல் அருகருகே இருந்த கல்லின் தலைக்கும் மரத்தின் தலைக்கும் ஊர்க்காரர்கள் ஒரே மாலையைச் சுற்றிப் போட்டார்கள். அதிலிருந்து உறவுமுறை வந்துவிட்டது. அவனுக்கு இவன் மச்சான், இவனுக்கு அவன் மச்சான். கேலிக்குக் குறைவே இல்லை.

கேலியில் கரியன் கைதான் ஓங்கியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு. யாராவது நடந்து வந்தால் வேங்கையனின் உடம்பு வளையும். மேல்பக்கம் நெருக்கும், அடிப்பக்கம் இழுக்கும். வந்தவர் கரையில் இறங்கியதும் உடம்பு பழையபடி நிமிர்ந்துகொள்ளும். ஒருவர் நடந்தால் கொஞ்சம் வளைவான், இருவர் நடந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. அவனுக்கு இதில் வலி ஒன்றும் இல்லை. மூச்சு இழுத்து விடுவது மாதிரிதான். ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பயம். ஒரு மழைக்காலத்தில் எவனோ பன்னிரண்டு நெல் மூட்டைகளை அவன் நடுவயிற்றில் இறக்கிவைத்துவிட்டு நான்கு நாள் கழித்து வந்து எடுத்தான். அந்த நான்கு நாளில் விழுந்த கட்டைவிரல் அளவு தொய்வு அப்புறம் நிமிரவே இல்லை.

"மச்சானுக்குத் தொப்பை விழுந்துடுச்சு" என்று கரியன் அன்று தொடங்கினான். நிறுத்தவில்லை.

கரியன் வளைவதில்லை. யானை நடந்தாலும் அவன் உடம்பில் ஒரு நூல் அளவுகூட இறக்கம் தெரியாது. ஊரார் இதைக் கவனித்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். மரத்தில் ஒவ்வொருவராகப் போக வேண்டும். தன் முறை வரும்வரை மற்றவர்கள் கல்லின் மேல் காத்திருக்கலாம். ஆகவே, வளைகிறவன் மேல் எப்போதும் ஒருவர்தான் இருப்பார். வளையாதவன் மேல் எப்போதும் கூட்டம் நிற்கும். சந்தை நாளில் அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதைகூடப் பேசுவார்கள்.

இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

கல்லும் மரமும் பேசின என்று சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் அல்ல. அதற்கு முன்பு ஒரு காலத்தில் அவை சுமையோடும் பேசின. கட்டிலில் படுத்தால் கட்டில் குறை சொல்லும். கூரையில் ஓடு அடுக்கினால் கைமரம் புலம்பும். திருகையில் மாவு அரைத்தால் மேல்கல்லும் கீழ்கல்லும் வாய்ச்சண்டை. மனிதர்களுக்குத் தூக்கம் இல்லாமல் போய் மண்ணிடம் முறையிட்டார்கள். எல்லாவற்றையும் தாங்குவது மண்தான். அதனால் அதன் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்பட்டார்கள். மண் ஒரு சட்டம் போட்டது. சுமை மேலே இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது. இறங்கிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மீறினால், மீறியவனின் இனம் முழுவதற்கும் ஓய்வு நேரத்துப் பேச்சு போய்விடும். சுமையில் எழுந்த சத்தம் மட்டும் மிஞ்சும்.

அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை.

வியாழக்கிழமைச் சண்டைக்கு வருவோம். அது பதினோரு நாளுக்கு முன்பே தொடங்கியது. செக்கு ஆட்டும் ஒருவன் புதுச் செக்குக்கல் ஒன்றை உருளைகளின் மேல் வைத்து, பத்து ஆட்கள் கரையிலிருந்து கயிறு இழுக்க, பாலத்தைக் கடந்தான். செக்கு அந்தக் கரை ஏறிய பிறகு வேங்கையன் கேட்டான்.

"மச்சான், அது என்ன சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

"செக்கு உன் நடுவுக்கு வந்தப்ப டிக்குன்னு ஒண்ணு கேட்டுச்சே."

"எறும்பு தும்மியிருக்கும்."

வேங்கையன் விடவில்லை. மூன்றாம் நாள் கரியன் ஒப்புக்கொண்டான்.

"அடியில ஒரு கோடு விழுந்திருக்கு. தலைமுடி கனம்தான். மேல நிக்கிறவனுக்குத் தெரியாது. அடியில தண்ணிதான் பாக்குது. அது யாருகிட்ட போயிச் சொல்லப்போவுது?"

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. மேல இருந்து எவ்வளவு நெருக்கினாலும் நான் தாங்குவேன், மச்சான். மலையவே தூக்கி வெச்சாலும் சரி. இந்த அடிப்பக்கம் இழுக்கறது இருக்குதே, அதுதான் எனக்கு ஆகாது. நீ வளைஞ்சு கொடுத்து இழுவையத் தாங்கிக்கிற. எனக்கு வளையத் தெரியல. அந்தக் கோடுதான் என் பதில்."

"கொத்தனாருகிட்டச் சொல்லிடு."

"சொன்னா? என்னப் பேத்து எடுத்துக் கரையோரமாப் போடுவாங்க. ஊரு அழுக்கெல்லாம் என் முதுகுல அடிச்சுத் துவைப்பாங்க. அதுகூடப் பரவாயில்ல. உன் தலைமாட்டுல இத்தனை வருஷம் கிடந்தாச்சு. வேற இடத்துல போயிப் படுக்கத் தெரியாது எனக்கு."

கேலி செய்யத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்குப் பிரியத்தைச் சொல்லத் தெரியாது. கடைசியில், சிலம்பாயி உப்போடு கடக்கும் அடுத்த வியாழனுக்குள் கரியன் தானே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேங்கையன் சொல்வான் என்று முடிவானது.

அந்த வியாழன் வந்துவிட்டது. கரியன் சொல்லியிருக்கவில்லை.

"என்ன மச்சான்மாரே, காலையிலயே கச்சேரியா?" என்று சிலம்பாயி கரையில் நின்று கேட்டாள். நாற்பது வயது இருக்கும். கட்டை குட்டையான உடம்பு. பேச்சு மட்டும் ஓடையைத் தாண்டிக் கேட்கும். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு சிட்டிகை உப்பை நடுக்காலின் தலையில் போட்டுவிட்டுப் போவாள். ஏழு கழுதைகள்தான் அவள் சொத்து. கடற்கரையில் ஏற்றிய உப்பை மலையடிவார ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வரும்போது புளியும் மிளகும் கொண்டுவருவாள். கழுதைகளில் கடைசியாக வருவது செவலை. அது சினையாக இருந்தது. அதன் முதுகில் மட்டும் பாதி மூட்டை.

"சொல்லிடவா?" என்றான் வேங்கையன் மெதுவாக.

"இன்னிக்கு ஒரு நாள் விடு, மச்சான். உப்புச் சுமைதான. அவ போனதும் நானே கொத்தனாரக் கூப்பிடறேன். மண்ணு மேல சத்தியம்."

"போன வாரமும் சத்தியம்தான் பண்ணின."

"அது ஓடை மேல. இது மண்ணு மேல."

வேங்கையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிலம்பாயி முதல் கழுதையின் கயிற்றைப் பிடித்துக் கல்லில் ஏறிவிட்டாள். கரியன் வாயை மூடிக்கொண்டான். வேங்கையன் மேல் இன்னும் யாரும் இல்லை. அவனுக்குப் பேச உரிமை இருந்தது. எட்டு முழத்தை அவள் கடக்கும்வரை அவகாசமும் இருந்தது. அவன் பேசவில்லை. இந்தக் கதையில் அவன் செய்த தவறு அது ஒன்றுதான்.

சிலம்பாயி நடுக்காலின் தலையில் உப்பைப் போட்டாள். முதல் கழுதையோடு மரத்தில் கால் வைத்தாள். வேங்கையன் வளைந்தான். அவனுடைய பேச்சுரிமை முடிந்தது.

பின்னால் மற்ற ஆறும் பழக்கப்படி வரிசையாகக் கல்லில் ஏறி, இரண்டிரண்டாக நெருங்கி நின்றன. ஐந்து முழு மூட்டை, ஓர் அரை மூட்டை. முந்தின நாள் மழையில் உப்பு ஈரம் இழுத்திருந்தது. வழக்கமான சுமையைவிடக் கனம் கூடுதல்.

வேங்கையன் தலைமாட்டில் ஒரு நடுக்கத்தை உணர்ந்தான். அது நடுக்காலின் நடுக்கம் இல்லை. தண்ணீரின் அதிர்வும் இல்லை. டிக். அப்புறம் இன்னொரு டிக். அந்தக் கோடு அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. கல்லின் மேலே நின்ற கழுதைகளுக்கு எதுவும் தெரியவில்லை. கரியன் நேராகக் கிடந்தான். என்றைக்கும் போலவே ஒரு நூல் இறக்கம் இல்லை. பார்க்கிறவனுக்கு ஊரிலேயே திடமானவன் அவன்தான்.

கரியன் வாய் திறக்க மாட்டான் என்று வேங்கையனுக்குத் தெரியும். பயத்தால் அல்ல. திறந்தால் பூமியில் உள்ள கல் எல்லாம் பேச்சை இழக்கும். அதற்கு அவன் பொறுப்பேற்க மாட்டான். அதே கணக்குதான் வேங்கையனுக்கும். ஆலும் அரசும் வேம்பும் பனையும் தேக்கும், காட்டில் இன்னும் முளைக்காத கன்றுகளும். அத்தனை பேரின் பேச்சும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆறு கழுதைகளும் அவற்றில் ஒன்றின் வயிற்றில் ஒரு குட்டியும். சிலம்பாயியின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கல்லின் மேல்தான் நின்றது. அதற்கு அடியில் மச்சான் இருந்தான்.

வேங்கையன் வாய் திறந்தான்.

"சிலம்பாயி, கல்லு உடையுது. எல்லாத்தையும் என் மேல கொண்டா."

அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. "பயப்படாத, நான் தாங்குவேன்" என்றும் சொல்ல நினைத்தான். அந்த வார்த்தைகள் பாதி வழியில் வார்த்தைகளாக இல்லாமல் போயின. கிறீச் என்ற நீண்ட முனகல் மட்டும் வெளியே வந்தது.

சிலம்பாயி அப்படியே நின்றாள். சுமையோடு ஒரு மரம் பேசி அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அவள் அம்மாவும் கேட்டதில்லை. காலடியில் மரம் இப்படிச் சத்தம் போட்டால் எவரும் பின்வாங்கிக் கல்லுக்குத்தான் ஓடியிருப்பார்கள். ஒரு மரம் இத்தனை பெரிய விலை கொடுத்து விளையாட்டாகப் பேசாது என்று அவளுக்குப் பட்டது. அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"வாங்கடி" என்று கத்தினாள். "எல்லாரும் வாங்கடி. ஏ செவல, நீ என்ன புதுப்பொண்ணா? வா!"

கழுதைகள் குழம்பின. எத்தனையோ வருடமாக ஒவ்வொன்றாகப் போகப் பழகியவை அவை. இரண்டாவது கழுதை மரத்தில் முன்னங்காலை வைத்துவிட்டு நின்றது. சிலம்பாயி முதல் கழுதையைக் கரையில் தள்ளிவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். இரண்டாவதின் காதைப் பிடித்து இழுத்தாள். அதன் வாலோடு ஒட்டி மூன்றாவது. அதன் பின்னால் நான்காவது. ஒன்றுக்கு மேல் ஏறாத மரத்தில் ஒரே நேரத்தில் மூன்று கழுதைகள்.

பழைய தொய்வும் ஈர உப்பும் சேர, வேங்கையன் அதுவரை வளையாத அளவுக்கு வளைந்தான். மேல்பக்கத்து நார்கள் ஒன்றோடொன்று நெருங்கிச் சுருண்டன. அடிப்பக்கத்து நார்கள் இழுபட்டுக்கொண்டே போயின. எதுவரை போனால் நிமிர முடியும் என்று அவன் உடம்புக்குத் தெரியும். அந்த எல்லையைத் தாண்டியதும் தெரிந்தது. ஒரு நார் அறுந்தது. அதன் பங்கைப் பக்கத்து நார்கள் எடுத்துக்கொண்டன. இன்னொன்று அறுந்தது. அப்போதும் மற்றவை விடவில்லை. ஒவ்வொரு நார் அறும்போதும் அவன் முனகினான். ஒவ்வொரு முனகலுக்கும் சிலம்பாயி இன்னும் வேகமாக இழுத்தாள்.

கடைசியாகச் செவலை. அதன் பின்னங்கால் கல்லைத் தள்ளி உந்தி மரத்துக்கு வந்தது. அந்த உந்தல்தான் கரியன் மேல் விழுந்த கடைசிச் சுமை. எச்சரிக்கை இல்லை. சத்தம்கூட ஒரே ஒரு சத்தம்தான். கருங்கல் பலகை நடுவில் இரண்டாகி ஓடையில் இறங்கியது. செவலை திடுக்கிட்டு உதறியதில் அதன் அரை மூட்டை உப்பு தண்ணீரில் விழுந்தது. அந்த இடத்துக்கு அதிலிருந்து உப்போடை என்று பெயர் வந்தது. அன்று கீழ்ப்பக்கத்தில் மீன் பிடித்தவர்கள் குழம்புக்கு உப்பு போட வேண்டியிருக்கவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதை உறுதிப்படுத்த முடியவில்லை.

ஏழு கழுதைகளும் அந்தக் கரையில் நின்றன. சிலம்பாயி மரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளும் எழுந்து போன பிறகு வேங்கையன் மேல் சுமை இல்லை. உடம்பு கொஞ்சம் நிமிர்ந்தது. முழுவதும் நிமிரவில்லை. பழைய தொப்பையோடு இன்னும் ஒரு சாண் சேர்ந்திருந்தது.

தண்ணீருக்குள்ளிருந்து குரல் வந்தது. "மச்சான்."

வேங்கையன் பதில் சொல்லப் பார்த்தான்.

"மச்சான், செவல ஏறிடுச்சா?"

ஏறிவிட்டது என்று சொல்லப் பார்த்தான்.

"மச்சான்" என்று மூன்றாவது முறை கூப்பிட்டபோது கரியனுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் அவன் கூப்பிடவில்லை. அன்று காட்டிலும் தோப்பிலும் மரங்கள் எல்லாம் பாதிப் பேச்சில் நின்றன. அவை வேங்கையனைத் திட்டின என்று சொல்வாரும் உண்டு. திட்டவில்லை என்று சொல்வாரும் உண்டு. மரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லாமல் போய்விட்டது.

வெள்ளம் வடிய ஒன்பது நாள் ஆயிற்று. கொத்தனார் விருமாண்டி நான்கு ஆட்களோடு வந்தார். கரியனின் இரண்டு துண்டுகளையும் கரையேற்றிப் போட்டார். சிலம்பாயியும் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கமும் மரமே போட்டுருவோம்" என்றார் விருமாண்டி. "மரம்னா முன்கூட்டிச் சொல்லுதே. இந்தத் துண்டு ரெண்டையும் துவைக்கிறதுக்குப் போட்டுரலாம். என்னப்பா கரியா, சம்மதமா? நாளெல்லாம் பொம்பளைங்க பேச்சு கேட்டுக்கிட்டுக் கிடக்கலாம். துணிய எடுத்துட்டா நீயும் பேசலாம்."

"துவைக்கிற கல்லு வேணாம்" என்றான் கரியன். "என்ன நிக்க வையுங்க."

"நிக்க வெச்சு?"

"மரத்துக்கு அடியில. படுக்க வெச்சாத்தான் எனக்கு அடிப்பக்கம் இழுக்குது. நிக்க வெச்சா இழுவையே கிடையாது, நெருக்கு மட்டும்தான். நெருக்கு எனக்கு ஒரு பொருட்டே இல்ல. அவனுக்கு வயித்துல நார் அறுந்திருக்கு. நடுவுல ஒரு முட்டு இருந்தா இன்னும் நூறு வருஷம் கிடப்பான்."

விருமாண்டி தாடையைச் சொறிந்தார். யோசனை சரிதான். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார்.

"முட்டுக் கொடுத்து நின்னா எந்நேரமும் உன் தலையில சுமை இருக்கும்யா. சுமை இருந்தா பேசக் கூடாது. ஒரு நாளும் பேச முடியாது. தெரியுமில்ல?"

"யாரோட பேச?" என்றான் கரியன்.

சிலம்பாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். விருமாண்டி ஆட்களிடம் கடப்பாரையை எடுக்கச் சொன்னார்.

நடுக்காலுக்கும் அந்தக் கரைக்கும் இடையே குழி பறித்து, கரியனின் நீளமான துண்டை நட்டார்கள். வேங்கையனைக் கயிறு கட்டித் தூக்கி அவன் மேல் இறக்கினார்கள். இறங்கிக்கொண்டிருக்கும்போதே கரியன் சொன்னான்: "இன்னும் ஒரு சாண் தள்ளு. ம். அங்கதான் தொப்பை இருக்கும். எனக்குத் தெரியாதா."

கல் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். கரியன் பேசாமல் போனதைக் கேள்விப்பட்ட மற்றக் கற்களும் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. அவற்றுக்குச் சட்டம் எதுவும் இல்லை. பிடிவாதம்தான்.

வேங்கையனின் வயிற்றுக்கு அடியில் மச்சானின் தலை இருந்தது. சந்தை நாளில் ஆட்கள் நடக்கும்போது அவன் முனகுவான். அந்த முனகல் கல்லுக்குள் இறங்கும். கல் பதில் சொல்லாது. வருடத்துக்கு ஒரு முறை விருமாண்டி தண்ணீரில் இறங்கி வந்து, சுத்தியலால் கல்லை ஒரு தட்டுத் தட்டுவார். கணீர் என்று ஓசை எழும். உள்ளே கோடு எதுவும் இல்லை என்று விருமாண்டி கரையேறிவிடுவார். வேங்கையனுக்கு அந்த ஓசை உடம்பு முழுவதும் பரவும். அடுத்த வருடம்வரை அது போதும்.

செவலை அந்தக் கார்த்திகையில் குட்டி போட்டது.

மரம் முறிவதற்கு முன் முனகுவது அன்றிலிருந்துதான். கல் சொல்லாமல் உடைவதும், சுமை ஏற்றுவதற்கு முன் கொத்தனார்கள் அதைத் தட்டிக் காது கொடுப்பதும் அன்றிலிருந்துதான். வீடு கட்டுகிறவர்கள் கல்லைத் தூணாக நிறுத்தி, அதன் தலையில் மரத்தை உத்தரமாகப் படுக்க வைக்கும் வழக்கமும் அங்கிருந்து வந்ததே.

1987 நவம்பர் 9, திங்கள்கிழமை, காலை 11.20 மணிக்கு உப்போடை அரிசி ஆலையின் பழைய நெல் கிடங்கில் நடு உத்தரம் முனகியது. உள்ளே பதினோரு பேர் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வெளியே வந்தார்கள். 11.40-க்குக் கூரை விழுந்தது. கல்தூண்கள் நான்கும் நின்றன.